தன்யாவின் போனில் இருந்த சாவி

நௌஷிதா இணையத்தில் தன்னை ஒளித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது கல்யாணத்தால்தான். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். வாப்பாவின் தாத்தா பாலக்காட்டிலிருந்து துணி மூட்டையோடு வந்து இங்கே தங்கியவர். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். தமிழை வாயால் பேசுவாளே தவிர எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இருபத்திரண்டு வயதில் ஃபயாஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் ஷார்ஜாவில் இருந்தான். கல்யாணம் முடிந்து கிளம்பும்போது அவளுக்கு ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்து, மெயிலையும் தானே திறந்து கொடுத்துவிட்டுப் போனான். பாஸ்வேர்டை அவனே போட்டான். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன ஒளிவு மறைவு என்று அவள் உம்மா ஜொஹரா பீவியும் சொன்னாள்.

அவன் அவளுடைய மெயில்களைப் படித்துக்கொண்டிருந்தான் என்பது ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பெங்களூரில் வேலை பார்த்த பள்ளித் தோழிக்கு அவள் ஒரு மெயில் எழுதியிருந்தாள். வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, ஃபயாஸ் லீவில் வந்தால் தனக்கு மூச்சு முட்டுகிறது என்றும் இரண்டு வரி சேர்த்திருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் போன் செய்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, மாமியாரும் நாத்தனார்களும் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்த கூடத்தில் அந்த மெயிலை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தான். மூச்சு முட்டுகிறது என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை வாசித்தான். யாரோ ஒருத்தி சிரித்தாள். அந்த வருஷமே கல்யாணம் முறிந்தது. நௌஷிதா மகள் ஹிஸானாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அதன் பிறகு மொய்து முதலாளியின் மிளகுக் கம்பெனியில் வேலை. முதலாளி உம்மாவுக்குத் தூரத்து உறவு. பஜார் ரோட்டில் கீழே மூட்டை அடுக்கும் கிட்டங்கி, மேலே ஆபீஸ், பின்னால் மிளகு சலிக்கும் ஷெட். ஆபீசில் நாலே பேர்தான். கணக்குப் பார்க்கும் கமலாக்ஷி, ஓய்வுபெறும் வயதைத் தாண்டியும் வந்துகொண்டிருப்பவள். போனில் பச்சைப் பட்டனையும் சிவப்புப் பட்டனையும் தவிர வேறெதுவும் அறியாதவள். வண்டி ஓட்டும் செல்லதுரை. கப்பல் பேப்பர் தயார் செய்யும் நௌஷிதா. அவளுக்கு உதவியாக தன்யா. தன்யாவுக்கு இருபத்துமூன்று வயது. அப்பாவும் அம்மாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். பள்ளுருத்தியில் வாடகை வீடு. அப்பா சாரத்திலிருந்து விழுந்து செத்த பிறகு அம்மா வசந்தி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெண்ணை பி.காம் படிக்கவைத்தாள். தன்யா நௌஷிதாவை, அக்கா என்ற அர்த்தத்தில், இத்தா என்று கூப்பிடுவாள். மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் முதல் கறித்துண்டை இத்தாவின் மூடியில் எடுத்து வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள்.

ஷெட்டில் வேலை செய்தவர்கள் எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்கள். அவர்களில் ஒருத்தி மாயம்மாள். சலிக்கும் மெஷினின் பெல்ட்டை மூட ஒரு இரும்புக் கூண்டு உண்டு. தூசி அடைத்து அடிக்கடி மெஷினை நிறுத்த வேண்டியிருக்கிறது என்று முதலாளி அதைக் கழற்றி மூலையில் போடச் சொல்லிவிட்டார். ஜூன் மாதம், அடைமழை பெய்த ஒரு காலையில், மாயம்மாளின் வலது கை பெல்ட்டுக்குள் போய்விட்டது. கட்டைவிரலைத் தவிர மற்ற நாலு விரலும் போயின.

ஆஸ்பத்திரிக்கு மாயம்மாளோடு அனுப்பப்பட்டவள் நௌஷிதா. மாயம்மாளுக்கு மலையாளம் தெரியாது, டாக்டருக்குத் தமிழ் தெரியாது. வண்டியில் ஏறும் முன்னால் முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டு கிரைண்டரில் கை மாட்டியதாகச் சொன்னால் போதும், போலீஸ் கேஸ் ஆகாது என்றார். உம்மாவுக்கு மருந்து வாங்க அட்வான்ஸ் கேட்டிருந்தாய் அல்லவா, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள் என்றும் சொன்னார்.

மாயம்மாள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "பெல்ட்டுல இழுத்துட்டுப் போயிருச்சும்மா. கூண்டு இல்லன்னு அன்னைக்கே சொன்னேன்னு சொல்லு" என்றாள். நௌஷிதா டாக்டரிடம் திரும்பி, வீட்டில் மாவாட்டும்போது கிரைண்டரில் மாட்டிக்கொண்டதாக மலையாளத்தில் சொன்னாள். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். சொன்னியா என்று மாயம்மாள் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றாள் நௌஷிதா. மாயம்மாள் நல்ல கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பிடியை அவளால் உதற முடியவில்லை. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. முதலாளியின் மிளகில் பெரும்பகுதி ஜெர்மனியில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனியின் வலைத்தளத்தில், எங்களுக்குச் சரக்கு வரும் இடங்களில் தொழிலாளருக்குக் கேடு நடந்தால் எழுதுங்கள் என்று ஒரு முகவரி இருந்தது. கப்பல் பேப்பர் அனுப்பும்போது பலமுறை பார்த்த முகவரிதான். எழுதுவது என்று முடிவு செய்தாள். ஆனால் தன் எழுத்து யாருடைய கூடத்திலும் இன்னொரு தடவை ஒலிக்கக் கூடாது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்திருந்தாள்.

அவசரப்படவில்லை. முதலில் விபிஎன், இணையத்தில் எங்கிருந்து எங்கே போகிறோம் என்பதை மறைக்கும் செயலி. போனில் தேடியபோது இலவசமாகக் கிடைக்கிறவைதான் வரிசையாக முன்னால் வந்து நின்றன. ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். ஜோசிய விளம்பரம் திரையை மூடியது. போனில் உள்ள நம்பர்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டது. காசு வாங்காமல் கொடுப்பவன் வேறெதையோ விற்றுத்தான் பிழைக்கிறான் என்று புரிந்து உடனே அழித்தாள். ராத்திரி மகள் தூங்கிய பிறகு வாசித்து வாசித்து ஒரு விஷயம் பிடிபட்டது. விபிஎன் போட்டுவிட்டால் யாருமே பார்க்க முடியாது என்று நினைப்பது தப்பு. இதுவரை நெட் லைன் கொடுப்பவன் பார்த்துக்கொண்டிருந்ததை இனிமேல் விபிஎன் கம்பெனிக்காரன் பார்க்க முடியும், அவ்வளவுதான். ஆகவே அவன் யார், எந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன், பதிவு எதுவும் வைப்பதில்லை என்று அவன் சொல்வதை வெளியாள் யாராவது வந்து சோதித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்த நாட்டில் சர்வர் வைத்திருந்தால் வாடிக்கையாளர் விவரத்தைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று விதி வந்ததும் சில கம்பெனிகள் சர்வரையே எடுத்துக்கொண்டு போய்விட்டதைப் படித்தாள். அப்படிப் போன ஒன்றையே எடுத்தாள். கார்டில் பணம் கட்டினால் பேர் போய்விடும் என்பதால், அதே கம்பெனி சின்ன அளவில் இலவசமாகக் கொடுத்ததோடு நின்றுகொண்டாள்.

அடுத்தது மெயில். போன் நம்பர் கேட்டவற்றையெல்லாம் தள்ளினாள். பெட்டிக்குள் இருப்பதை நடத்துகிற கம்பெனியே படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பாஸ்வேர்டு மறந்தால் எங்களாலும் திறந்து தர முடியாது என்று அதில் எச்சரித்திருந்தார்கள். அந்த வரியைப் படித்ததும் அவளுக்கு மனசு குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவளைத் தவிர யாராலும் திறக்க முடியாத ஒன்று அவள் கையில் இருந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம் தன்யா அவள் போனின் உச்சியில் விபிஎன் ஓடும்போது வரும் ஒரு சின்னச் சாவிப் படத்தைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டாள். மாலில் இலவச வைஃபை எடுக்கும்போது பாதுகாப்புக்கு என்று நௌஷிதா சமாளித்தாள். தன்யா விடவில்லை. இங்கே வராத கொரியன் சீரியல் ஒன்றை விபிஎன் போட்டால் பார்க்கலாமாமே என்றாள்.

"எனக்கும் ஒண்ணு இட்டுத் தாங்களேன் இத்தா. கண்டதையும் இட்டு போன் கேடு வந்துருமோன்னு பேடியா இருக்கு."

நௌஷிதா அவள் போனை வாங்கி, கண்டதையும் போடாமல், நல்லதாகப் பார்த்து, தான் வைத்திருந்த அதையே போட்டுக் கொடுத்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹிஸானாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கும் சாக்கில் இடப்பள்ளி மாலுக்குப் போனாள். கூண்டில்லாத பெல்ட்டை அவளே ஒருநாள் பின்பக்கமிருந்து எடுத்த போட்டோ இருந்தது. படத்துக்குள் எந்தப் போன், எந்த இடம், எந்த நேரம் என்ற விவரம் ஒளிந்திருக்கும் என்று தெரிந்து அதைத் துடைத்திருந்தாள். கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து, எளிய இங்கிலீஷில், ஷெட்டில் இருக்கும் பெண் ஒருத்தி இன்னொருவரை வைத்து எழுதுவதுபோல எழுதினாள். ஆஸ்பத்திரியில் பொய் சொல்ல வைத்ததையும் எழுதினாள். சொன்னது யார் என்று எழுதவில்லை. அனுப்பியதும் போனிலிருந்து விபிஎன்னை அழித்தாள்.

ஜெர்மனிக்காரர்கள் நல்லவர்கள்தான். விசாரிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அதனால் அந்த மெயிலை ஒரு எழுத்துக்கூட விடாமல் போட்டோவோடு மொய்து முதலாளிக்கே அனுப்பி, உங்கள் விளக்கம் என்ன என்று கேட்டார்கள்.

முதலாளி ஆபீஸ் நடுவில் நின்று அதை வாசித்தார். இங்கிலீஷை நிறுத்தி நிறுத்தி, உரக்க வாசித்தார். நௌஷிதா கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது மடல் சுட்டது.

காக்கநாட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்க்காரரை முதலாளி வரவழைத்தார். அவர் ஒரு முழுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் குடைந்தார். சாயங்காலம் சாயா குடித்துக்கொண்டே, எழுதியவர் கெட்டிக்காரர், இந்த மெயில் கம்பெனியிடம் போலீஸே போய்க் கேட்டாலும் உள்ளே இருப்பதைக் கொடுக்க முடியாது, அவர்களுக்கே தெரியாது என்றார். நௌஷிதாவுக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், பெருமையாக இருந்தது. அதைப் பின்னால் அவள் பலமுறை நினைத்துக் கூசியிருக்கிறாள்.

எழுதியவரைக் கண்டுபிடிக்க முடியாதென்றால், எழுதக்கூடியவரைக் கண்டுபிடிக்கலாமே என்றார் கம்ப்யூட்டர்க்காரர். இவ்வளவு தெரிந்த ஆள் போனில் விபிஎன் வைத்திருப்பார். ஷெட்டுப் பெண்கள் வைத்திருந்தது பட்டன் போன். ஆகவே ஆபீஸ்காரர்கள் நாலு பேரும் போனைப் பூட்டுத் திறந்து மேஜை மேல் வைக்க வேண்டியதாயிற்று. கமலாக்ஷியின் போனை அவர் கையால்கூடத் தொடவில்லை. செல்லதுரையின் போனில் முழுக்க நாகஸ்வரக் கச்சேரி. நௌஷிதாவின் போன் துடைத்துவிட்ட தட்டுபோல இருந்தது. நாலாவது போனை எடுத்ததும் அவர் அதை முதலாளி பக்கம் திருப்பிக் காட்டினார். உச்சியில் சாவி தெரிந்தது.

"இது ஆரு இட்டுத் தந்தது?" என்று முதலாளி கேட்டார்.

தன்யா நௌஷிதாவைப் பார்த்தாள். இத்தா இப்போது வாயைத் திறப்பாள், நான்தான் போட்டுக் கொடுத்தேன், சீரியல் பார்க்கத்தான் என்பாள், எல்லோரும் சிரித்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள் என்று அவள் காத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. நௌஷிதா மேஜை மேலிருந்த தன் போனை எடுத்து, கைக்குட்டையால் துடைத்தாள். தன்யா அதைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகப் புரிந்து அடங்கியது.

"நானாத்தான் இட்டேன் முதலாளி. சீரியல் காண."

"சீரியல் காண எதுக்குடி ஒளிஞ்சு போகணும்?"

அதற்குப் பிறகு அவளுக்கு எதிராக எல்லாமே பொருந்தி வந்தது. மாயம்மாளுக்கும் தன்யாவின் அம்மாவுக்கும் ஒரே தாலுகா. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாயம்மாளுக்கு அவள் இரண்டு தடவை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். ஷெட்டில் அவளிடம் தமிழ் பேசாத பெண்ணில்லை. முதலாளி கத்தவில்லை. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பஜார் ரோட்டின் மற்ற கம்பெனிகளுக்குத் தானே போன் செய்து பேரைச் சொன்னார்.

மாயம்மாளைப் பற்றியும் அந்த வாரமே முடிவாயிற்று. மூலையில் கிடந்த கூண்டை எடுத்து மஞ்சள் பெயின்ட் அடித்து மாட்டி, நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுத்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அனுப்பி முடித்ததும் தூசி அடைக்கிறது என்று கழற்றினார்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வீட்டு கிரைண்டர் என்று டாக்டரே எழுதியிருந்ததால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றானது. அந்தக் காகிதத்தை ஸ்கேன் எடுத்து இணைத்தவள் நௌஷிதா. மாயம்மாளைச் செல்லதுரை ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டான். சீட்டை இடது கையால் வாங்கத் தெரியாமல் கீழே போட்டுவிட்டாள் என்று வந்து சொன்னான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, தோப்பும்படிப் பஸ் நிறுத்தத்தில் தன்யா நௌஷிதாவுக்காகக் காத்திருந்தாள். இளைத்திருந்தாள். நீங்களா எழுதினீங்க என்று அவள் கேட்கவேயில்லை. கேட்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மாயம்மாக்காவுக்காக யார் எழுதியிருந்தாலும் அது நல்ல காரியம்தான் என்றாள். பிறகு சொன்னாள்.

"அந்த மெயில்லருந்தே இன்னொண்ணு போனாப் போதும் இத்தா. எழுதினது தன்யா இல்லன்னு ஒரு வரி. பேரு ஒண்ணும் வேண்டாம். ஆருன்னு ஆருக்கும் தெரியாது."

நௌஷிதா தூரத்தில் பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

"அந்த மெயிலைப் பத்தி எனக்கு எப்படித் தெரியும் தன்யா?"

தன்யா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். சரி இத்தா என்றாள். பள்ளுருத்திப் பஸ் முதலில் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நௌஷிதா மறுபடியும் இடப்பள்ளிக்குப் போனாள். எழுதிவிட வேண்டும் என்றுதான் போனாள். விபிஎன்னைத் திரும்பப் போட்டு, பெட்டியைத் திறந்தாள். ஜெர்மனியிலிருந்து பதில் வந்திருந்தது. தகவலுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். பாதுகாப்புக் கூண்டு பொருத்தப்பட்டுவிட்டது, காயம் வேலையிடத்தில் ஏற்பட்டதல்ல என்று மருத்துவச் சான்று உள்ளது, விசாரணையை முடித்துக்கொள்கிறோம் என்றும், புதிதாக ஏதாவது தெரியுமானால் எழுதலாம் என்றும் இருந்தது. நௌஷிதா பதில் பெட்டியைத் திறந்து, எழுதியது தன்யா இல்லை என்று ஒரு வரியை இங்கிலீஷில் அடித்தாள். விரல் அனுப்பும் பட்டன்மேல் நின்றது.

இதையும் ஜெர்மனிக்காரர்கள் முதலாளிக்கு அப்படியே அனுப்புவார்கள். தன்யா இல்லையென்றால் பிறகு யார்? கமலாக்ஷியால் முடியாது. செல்லதுரைக்கு இங்கிலீஷ் வராது. எத்தனை பூட்டுப் போட்டு அனுப்பினாலும், மூன்று பேரில் ஒருத்தியை எண்ணிக் கண்டுபிடிக்க யாருக்கும் கம்ப்யூட்டர் வேண்டாம். எதிரே ஹிஸானா ஐஸ்கிரீமைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட ஃபீஸ், உம்மாவின் மருந்து, உறவுக்காரர்கள் மறுபடி கூடி உட்காரப்போகும் கூடம் எல்லாம் அவள் கண் முன்னால் வந்தன. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அவள் விரலை எடுக்க வைத்தது அவை எதுவுமில்லை. தான் எழுதியதைத் தன் முன்னால் ஒருவர் வாசித்துக் காட்டும்போது நிமிர்ந்து நிற்க வேண்டுமே என்ற பயம்தான். அதை அவள் ஒருமுறை அனுபவித்திருந்தாள். தன்யா அனுபவித்தால் அனுபவிக்கட்டும் என்று அவளுக்குள் ஒரு குரல், சத்தமில்லாமல், தெளிவாகச் சொன்னது.

அடித்த வரியை அழித்தாள். அந்த மெயில் கணக்கையே மூடச் சொன்னாள். ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள் என்று திரை கேட்டு நாலைந்து காரணங்களைக் காட்டியது. இனிமேல் தேவையில்லை என்பதைத் தொட்டாள். மூடினால் எதையும் திரும்பப் பெற முடியாது, சம்மதமா என்று இன்னொரு தடவை கேட்டது. சம்மதம் கொடுத்தாள். தன்யாவைக் காப்பாற்றக்கூடிய ஒரே பெட்டி அதோடு இல்லாமல் போனது.

தன்யாவுக்குச் சாத்தான்குளத்தில் ஒரு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். போனில் எதையோ மறைத்து வைத்திருந்த பெண் என்று பஜாரில் கிளம்பிய பேச்சு, பள்ளுருத்திக்குப் போவதற்குள் வேறு மாதிரி ஆகியிருந்தது. வேண்டாத படம் பார்க்கிறவர்கள்தான் அதைப் போட்டுக்கொள்வார்களாம் என்று ஒருவர் சொல்ல, பார்க்கிறவள் மட்டுமா என்று இன்னொருவர் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமல் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

நௌஷிதாவுக்கு நல்ல பேர்தான். நாலு பேரில் சுத்தமாக இருந்த போன் அவளுடையது என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார். கம்பெனியின் மெயில், பாங்க், எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் இனி அவளே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. தன்யாவின் வேலையும் அவள் தலையில் விழுந்தது. அதற்கு ஈடாகச் சம்பளத்தைக் கூட்டினார்.

ஓணம் கழிந்து ஒரு நாள் வசந்தி ஆபீசுக்கு வந்தாள். நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிட்டு, உள்ளே வராமல் நின்றாள். பெண்ணுக்கு வேறு எங்காவது வேலை தேட, இரண்டு வருஷம் இங்கே இருந்தாள் என்று ஒரு காகிதம் வேண்டும் என்றாள். தன்யா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் தானே வந்தேன் என்றாள். நௌஷிதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். முதலாளி உள் அறையிலிருந்தே வாசகத்தைச் சொன்னார். நம்பிக்கைத் துரோகத்துக்காக நீக்கப்பட்டவர் என்று இங்கிலீஷில் போடச் சொன்னார். நௌஷிதா அடித்தாள். ஒரு எழுத்து தப்பாக விழுந்ததைத் திருத்தினாள். அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, கம்பெனி முத்திரையைக் குத்தி, மடித்துக் கொடுத்தாள்.

வசந்தி அதை நனையாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுல உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவா. இங்க எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தது இத்தாதான்னு சொல்லுவா. இப்ப கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. நீங்க ஒரு வாட்டி அவகிட்டப் பேசுனீங்கன்னா நல்லாருக்கும்மா."

பேசுகிறேன் என்றாள் நௌஷிதா. வசந்தி கும்பிட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே லாரியிலிருந்து புதுச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரக் கப்பலுக்கான பேப்பர் பாதியில் நின்றிருந்தது. நௌஷிதா உட்கார்ந்து அதை முடித்தாள்.